சொர்ணலட்சுமி போட்ட சட்டம்

“சீ, அங்கன பாரு! மூணு வயசுப் பிள்ளை கையில போனு. படிக்காத ஜென்மங்க, எம்புட்டுச் சொன்னாலும் திருந்தாதுக.”

சொர்ணலட்சுமியின் விரல் வாசற்பக்கம் நீண்டது. அங்கே, அச்சகத்தில் காலண்டருக்குத் தகரம் அடிக்கும் பீகார்க்காரி ரிங்கி, வேலை முடிந்து மகளை மடியில் வைத்துக்கொண்டு பொம்மைப் படம் காட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் சிரித்த சிரிப்பு கூடம் வரைக்கும் கேட்டது.

“விடு தாயி. ஊரு விட்டு ஊரு பொழைக்க வந்தவ,” என்றார் அண்ணன் சீனிவாசகம். அச்சக முதலாளி.

“நானுந்தான் ஊரு விட்டுப் போயிப் பொழைக்கேன். எம் பிள்ளைய அப்பிடியா வளக்கேன்? டல்லாஸ்ல எங்க கம்பெனிப் பெரிய ஆளுக வீட்டுல, பிள்ளைகளுக்குப் போனே கிடையாது. தெரியுமாண்ணே?”

வளர்ப்பதென்னவோ ஐந்து வருஷமாகத் திருத்தங்கலில் அண்ணனும் மதினியும்தான். சொர்ணலட்சுமி சட்டம் போடுவதோடு சரி. அதுவும் சுவரில் தொங்கியது. அண்ணன் அச்சகத்திலேயே நாலு கலரில் ஒரே ஒரு பிரதி அடித்து, மேலும் கீழும் தகரம் வைத்தது: ‘பிரீத்திகாவுக்குத் திரை, நாளொன்றுக்கு இருபது நிமிடம். அதற்குமேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது.’

மதினி காபி கொண்டுவந்தாள். அண்ணனுக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒரு டம்ளர்.

மகளை டல்லாஸில் சேர்த்துக்கொள்ள விசா வந்துவிட்டது. எட்டு வயது மகள் வாயால் ‘வர்றேன்’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடத்தான் சொர்ணலட்சுமி இன்றைக்கு உட்கார்ந்தாள். பீகார்க்காரி கண்ணில் பட்டதும் அது பின்னுக்குப் போய்விட்டது.

“அவ அவக அம்மா மடியில உக்காந்து பாக்காம்மா,” என்றாள் பிரீத்திகா.

“மடியில உக்காந்தா கண்ணு கெடாதா? அதுகளும் நாமளும் ஒண்ணா? நீ அந்தப் பிள்ளைகூடச் சேந்த, பிச்சுப்புடுவேன்!”

பிரீத்திகா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, அதுகள விட்டுத் தள்ளு. தங்கம், ஜூன் மாசம் அம்மாகூட வந்து இருந்துர்றியா?” சொர்ணலட்சுமியின் குரல் உடைந்தது. இத்தனை பேச்சில் அது ஒன்றுதான் நிஜம். “சொல்லுடா, வர்றியா?”

பிரீத்திகா கடிகாரத்தைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய சட்டத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருந்த மாமாவின் செல்போனைக் கையில் எடுத்தாள். திரைக்குள் அம்மா பதிலுக்குக் காத்திருந்தாள்.

“இன்னைக்கு இருபது நிமிசம் முடிஞ்சிருச்சும்மா.”