எண்ணெய் குடித்த தரை

தண்ணீர்ச் சொட்டு உள்ளே போகவில்லை.

தரைமேல் முத்துப் போல நின்றது. அவர் குனிந்து விரலால் தட்டினார். உருண்டு போய் இன்னோர் இடத்தில் நின்றது.

பட்டறை முழுக்க மகள் சாந்தாமணி பாட்டிலைக் கவிழ்த்துச் சொட்டு விட்டுக்கொண்டே வந்திருந்தாள். மெஷின் வைத்துத் தேய்த்த பழைய காங்கிரீட், மேய்ந்து வந்த மாடு மாதிரி உறிஞ்சியது. தண்ணீரைக் குடிக்கிற தரைதான் மேலே ஊற்றுகிற எபாக்சிப் பூச்சைப் பிடிக்கும். குடிக்காத இடத்தில் ஊற்றினால் நாலே மாசத்தில் தோல் உரியும்.

இந்த ஓரிடம் மட்டும் குடிக்கவில்லை.

அவருடைய பழைய லேத் நின்ற இடம்.

பம்புக்குத் தண்டு கடைந்து கடைந்து ஆயுசு பூராவும் அவர் சிந்திய எண்ணெய். எண்ணெய் சிந்தாமல் எந்தப் பயல் தண்டு கடைந்தான் என்று கேட்டுப் பார்த்தார்.

அந்த இடத்தை உடைத்துப் புதுசாகப் போட வேண்டும் என்றான் தரை போட வந்த மேஸ்திரி. புதுக் காங்கிரீட் காய ஒரு மாசம் ஆகும். பட்டறையைப் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் அடுத்த வாரக் கடைசியில் வருகிறார்கள்.

சாந்தாமணி பாட்டில் மூடியைத் திருகினாள். திருகி முடிந்த பிறகும் திருகினாள்.

முறிந்த எலும்பில் வைத்து முடுக்குகிற திருகாணி. அதைக் கடைந்து தர அந்தக் கம்பெனியிடம் ஆர்டர் கேட்டிருந்தாள். புழுதி பறக்கிற தரை என்றால் வாசலோடு திரும்பிவிடுவார்களாம். இதுவும் கைநழுவினால் பட்டறைக்குப் பூட்டுதான். அது அவருக்கும் தெரியும்.

அவருக்கு எபாக்சியில் நம்பிக்கை கிடையாது. ரெண்டு டப்பாவைக் கலந்தால்தான் இறுகுமாம். தனியாக நிற்கத் துப்பில்லாத சரக்கு. மேஸ்திரியின் மேலும் நம்பிக்கை கிடையாது. ஊரான் வீட்டுச் சட்டியைத் துலக்குகிற மாதிரித் தேய்க்கிறான். கம்பெனிக்காரனை நம்புவதெல்லாம் அப்புறம்.

வேட்டியை மடித்துக் கட்டினார்.

மேஸ்திரி வைத்திருந்த எண்ணெய் எடுக்கிற மருந்தை ஊற்றினார். மேலே சுடுதண்ணீர். கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு முழங்கால் போட்டார்.

கறுப்பாக நுரைத்தது.

மரத்தூள் தூவி அள்ளினார். திரும்ப ஊற்றினார். திரும்பவும் கறுப்பு. அடியிலிருந்து ஊற்று மாதிரி வந்துகொண்டே இருந்தது.

பெருசு குவைத்தில் பிறந்திருக்க வேண்டிய ஜாதகம் என்று வாசலில் நின்று சிரித்தான் மேஸ்திரி.

அவர் நிமிரவில்லை. அவர் கையால் சிந்திய எண்ணெய். அவ்வளவு லேசில் போய்விடுமா? கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எழுந்திரிக்கச் சொன்னாள் மகள். காதில் வாங்கவில்லை. அவளும் ஒரு பிரஷை எடுத்து எதிரில் உட்கார்ந்தாள். சோறு தின்கிற கைதானா என்று அவள் தேய்ப்பைத் திட்டினார். அவள், அவர் விட்ட இடங்களைத் தேடித் தேடித் தேய்த்தாள்.

மறுநாளும் கறுப்பு.

அதற்கு மறுநாள் நுரை வெளுத்து வந்தது.

கழுவிக் காயவிட்டார்கள். மெஷினை இன்னொரு ஓட்டு ஓட்டினார்கள். சாந்தாமணி சொட்டு விட்டாள். மறைந்துவிட்டது. அவர் நம்பவில்லை. பாட்டிலைப் பிடுங்கித் தன் கையால் விட்டார்.

ஈரம் கறுத்துப் பரந்தது. உள்ளே போனது.

எபாக்சியை அவளே இழுத்தாள். மேஸ்திரி கலந்து கலந்து ஊற்ற, பல் வைத்த பலகையால் இழுத்துக்கொண்டே பின்னால் நடந்து வாசல் வரைக்கும் வந்தாள். அவர் தெருவில் நின்று அந்தக் கையைப் பார்த்தார். ஒரு தடவைகூடத் தயங்கவில்லை அது.

இறுகிய பிறகு, ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போனார். லேத் நின்ற இடத்தில் ஒரு காசை வைத்துச் சுரண்டினார். அழுத்திச் சுரண்டினார். காசுதான் தேய்ந்தது. வேட்டி முனையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு வெளியே வந்தார்.



கம்பெனிக்காரர்கள் வந்த அன்று மழை.

ரெண்டு பேர். காரிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் பூட்ஸெல்லாம் செம்மண் சேறு. சாந்தாமணி ஓடிப்போய்க் கும்பிட்டாள். மிதியடியைக் காலால் தள்ளிவிட்டு, சேறு பரவாயில்லைங்க சார், அப்படியே வாங்க என்றாள்.

அவர் நடுவாசலில் நின்றார். ஷட்டர் தூணில் ஒரு கை.

மூத்த அதிகாரி முன்னால் வந்தார். இவர் நகரவில்லை. இந்தக் கிழவர் யார் என்பதுபோல அதிகாரி சாந்தாமணியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே அப்பாவைக் கெஞ்சினாள்.

"பூட்ஸக் கழட்டிப் போட்டுட்டு வாங்க சாமி. எம்புள்ள போட்ட தரைங்க இது."



சாந்தாமணி மிதியடியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

பரவாயில்லைங்க என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை.

அதிகாரி கிழவருடைய தோளுக்கு மேலாக எட்டி உள்ளே பார்த்தார். பளபளத்த தரைக்குள் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன.

தன் காலைப் பார்த்தார்.

சுவரில் கை ஊன்றிக் குனிந்தார்.