பழகிய அறை

"எனக்கு மேசை வேணும், மேடம்."

விடுதியில் எதை வேண்டுமானாலும் கேள், வசதியை மட்டும் கேட்டுவிடாதே என்று சீனியர் அக்காக்கள் தவச்செல்வியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். கேட்டால் அறை ஒதுக்கும் இயந்திரம் 'ஒத்துப்போகாதவள்' என்று குறித்துக்கொள்ளும், அறை பறிபோகும். ஊருக்குப் போய்வர ஏழு மணி நேரம். அறை போனால் எம்.எஸ்ஸி.யும் போனதுதான்.

வார்டன் ஹேமலதா திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நீ நிரப்புன விண்ணப்பம்தானே? வீட்டுல ஒரே அறையில ஆறு பேர். படிச்சது ரேஷன் கடை வாசல் விளக்குல. அவங்கவங்க பழகுனபடிதாம்மா அது அறை ஒதுக்குது. பழகாததக் குடுத்தா நீங்கதான் திண்டாடுவீங்க."

"கஷ்டத்த எழுதுனா உதவுவாங்கன்னு எங்கப்பா ஒண்ணு விடாம எழுதச் சொன்னாரு. நீங்க அதே கஷ்டத்தத் திருப்பிக் குடுக்குறீங்க."

"மேசை இல்லாமலே பி.எஸ்ஸி.ல ரெண்டாவது ரேங்க் வாங்கியிருக்க. இப்ப மட்டும் எதுக்கு?"

"மேசை இருந்தவ மொத ரேங்க் வாங்குனாளே, அதுக்கு."

வார்டனின் முகம் கடுகடுத்தது. "இதையும் அந்த இயந்திரம் கேட்டுக்கிட்டிருக்கு. மன்னிப்புக் கேளு, அறையாவது மிஞ்சும்."

தவச்செல்வி மூலைக்குப் போனாள். அங்கிருந்த சின்ன மேசைமேல் கிடந்த பார்வையாளர் பதிவேட்டை எடுத்துவந்து வார்டன் மடியில் வைத்தாள். மேசையைக் கவிழ்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். கதவு நிலையில் எங்கும் இடிக்கவில்லை. உள்ளே வரும்போதே வாசலின் அகலத்தை முழம் போட்டுப் பார்த்திருந்தாள்.