லைசென்ஸ் தேவையில்லை

பிரேக் நட்டில் ஸ்பேனரை மாட்டினாள் நெல்டா. ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற பழைய புல்வெட்டி அது. அதன் அடியில் மல்லாந்து படுத்திருந்தவளுக்குப் பக்கத்தில் நின்ற கொழுந்தன் வேடின் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது.

“ஒரு சுத்து லூஸ் பண்ணி விடுங்க அண்ணி,” என்றான் வேட். “பாலத்து இறக்கத்துல பிரேக் புடிக்காது. லாய்ட் நேரா ஆத்துலதான் போய் விழுவான். பழைய மெஷின், நம்மள யாரு கேக்கப் போறா?”

“கேக்க மாட்டாங்கதான்,” என்றாள் நெல்டா. நட்டை நன்றாக இறுக்கினாள்.

வேட் பூட்ஸ் காலால் தரையை ஓங்கி உதைத்தான். லாய்டால் செத்தது அவன் கூடப்பிறந்த அண்ணன் ஓரின் ஆயிற்றே.

ஓரினும் நெல்டாவும் ஒஹாயோவின் அந்த மூலையில் ஒரு கொட்டகை விடாமல் நுழைந்து பார்ப்பார்கள். துருப்பிடித்துக் கிடக்கும் புல்வெட்டிகளை இழுத்து வந்து, இரண்டைப் பிரித்து ஒன்றை ஓட வைத்துப் பிழைத்தார்கள். அப்படி ஒன்றை ரோட்டோரம் டிரக்கில் ஏற்றிக்கொண்டு நின்ற ஓரின்மேல்தான், மூக்குமுட்டக் குடித்திருந்த லாய்ட் காரைக் கொண்டுவந்து ஏற்றினான்.

லாய்டுக்கு வாய்த்த வக்கீல் கெட்டிக்காரர். இரண்டே வருஷத்தில் வெளியே வந்தவன், மறுநாளே பாரில் தன் பழைய ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துவிட்டான். லைசென்ஸ் மட்டும் ஆயுசுக்கும் கிடையாது. “இனி குடித்துவிட்டு எஞ்சின் வைத்த எந்த வண்டியை ஓட்டினாலும் பதினைந்து வருஷம் உள்ளே இருக்க வேண்டும்” என்று நீதிபதி சொன்னபோது, நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

அந்த லாய்ட்தான் போன வாரம் நெல்டாவின் பட்டறை வாசலில் வந்து நின்றான். முகத்தில் கொஞ்சமாவது கூச்சம் இருக்க வேண்டுமே, அதுவும் இல்லை.

“பாருக்கு நடந்து நடந்து காலே தேஞ்சு போச்சு நெல்டா. கார்தானே ஓட்டக் கூடாதுங்கிறான்? புல்லு வெட்டுற மெஷினுக்கு எவன் லைசென்ஸ் கேப்பான்?” என்று சிரித்தான். “ஓரின் விஷயம் முடிஞ்ச கதை. அதையே புடிச்சுத் தொங்கிட்டிருந்தா நீயும் வாழ முடியாது, நானும் வாழ முடியாது.”

நெல்டா கையிலிருந்த கிரீஸை மெதுவாகத் துணியில் துடைத்தாள். அந்த நிமிஷம் அவனை அங்கேயே கொன்று போட்டுவிடலாம் போலிருந்தது.

“எப்படிப்பட்டது வேணும்?” என்று கேட்டாள்.

“வேகமாப் போகணும். அடியில இருக்கிற பிளேடையெல்லாம் கழட்டித் தூரப் போடு. நான் என்ன புல்லா வெட்டப் போறேன்?”

அவன் கேட்டபடியே கழற்றினாள். வேகத்துக்காகப் பெல்ட் ஓடும் கப்பியை மாற்றினாள். ஓரின் கடைசியாக ஒரு கோழிக் கொட்டகையிலிருந்து தோண்டி எடுத்து வந்த எஞ்சின் ஒன்று மூலையில் இருந்தது. அவன் போன பிறகு யாரையும் அதைத் தொட விட்டதில்லை. அதையே எடுத்துச் சுத்தம் செய்து இதில் பொருத்தினாள்.

வேடுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. “அண்ணன் எஞ்சினையா அண்ணி அந்த நாய்க்குக் குடுக்குறீங்க?”

“அது ஒண்ணுதான் நடுவழியில நிக்காது.”

இப்போது பிரேக் வேலையை முடித்து எழுந்தவள், முன்னால் இரண்டு விளக்கு மாட்டினாள். பின்னால் பளிச்சென்று ஓர் ஆரஞ்சு முக்கோணம் ஒட்டினாள். லாரிக்காரன் எவனும் பார்க்காமல் மோதிவிடக் கூடாதாம்.

“மாலை ஒண்ணுதான் பாக்கி. அதையும் போட்டு அனுப்புங்க,” என்றான் வேட்.

“அவன் மேல ஒரு கீறல் விழக் கூடாது வேட்.”

வேட் கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் விட்டெறிந்தான். அண்ணனை இவள் இவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுவாள் என்று அவன் நினைத்ததே இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை, பாரில் வறுத்த மீன் போடுகிற நாள். மத்தியானமே லாய்ட் வந்து புல்வெட்டியில் ஏறினான். முற்றத்தை ஒரு வட்டம் அடித்து, பிரேக்கை மிதித்துப் பார்த்தான். போட்ட இடத்தில் நின்றது.

“உனக்குப் பெரிய மனசு நெல்டா. சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

“பாத்துப் போ,” என்றாள் நெல்டா.

பொழுது சாய்கிற நேரத்தில் பார் இருக்கும் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. பட்டறை வாசலில் நின்றாலே அந்த ரோடு முழுக்கத் தெரியும். லாய்ட் இரண்டு விளக்கையும் எரியவிட்டு, ரோட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நெளிந்துகொண்டு வந்தான். தொண்டை கிழியப் பாட்டு வேறு.

“ராஜா வர்றாரு பாருங்க, எல்லாம் உங்க புண்ணியம்,” என்று வேட் காறித் துப்பினான். “அண்ணன் இருந்திருந்தா உங்க முகத்துலயே முழிச்சிருக்க மாட்டான்.”

நெல்டா மேல்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நம்பரைத் தட்டி, காதில் வைத்தாள்.

“ஷெரிஃப் ஆபீஸா? குடிச்சிட்டு ஒருத்தன் வண்டி ஓட்டிட்டு வர்றான்.”