ஐம்பது உதை

மாட்டுக்கொட்டகையில் பன்னிரண்டு வருஷம் கிடந்த மோட்டார் பைக்கைப் பட்டறையில் விட்டுப் புதுசாக்கிக்கொண்டு வந்தார் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் பூபாலன். மறுநாள் காலையிலேயே அது மக்கர் பண்ணியது.

உதைத்தார், உதைத்தார், வேர்வையில் சட்டை நனைந்ததுதான் மிச்சம். பனியன் வேஸ்ட் துணியை எடுத்து டேங்கைத் துடைத்துவிட்டு, பஸ் ஏறி வேலைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஜெபக்குமார் வந்தான். ஒரே உதைதான், படபடவென்று கிளம்பிவிட்டது.

"வண்டில ஒண்ணுமில்ல அண்ணாச்சி. உங்க உதையிலதான் தெம்பு இல்ல."

மனைவி சித்ரகலாவை வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் எந்த மனுஷன் பொறுப்பான்? திங்கள் முதல் தினமும் ஐம்பது உதை. வண்டியோ ஞாயிறானால் ஜெபக்குமாரின் காலுக்குத்தான் மசிந்தது.

"ஏனுங்க, பேசாம வித்துப்போடலாமுங்களா?" என்றாள் சித்ரகலா.

"நானா அதுவான்னு பாக்காம உடமாட்டேன்!"

மூன்று மாதம் கழித்து, ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் அசந்துபோனார்.

"சர்க்கரை பாதியா கொறைஞ்சிருக்கே! வாக்கிங் போறீங்களா?"

"அதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்? காலைல வண்டிய ஒதைக்கவே சரியாப் போயிருதுங்க."

"அப்ப அதையே விடாம செய்யுங்க!"

பக்கத்தில் நின்ற சித்ரகலா பவ்யமாகத் தலையாட்டினாள். வண்டியை விற்கவைக்க சைலன்ஸரில் அடைத்து, ஜெபக்குமார் வரும் ஞாயிறுகளில் மட்டும் தான் உருவி வைக்கும் பனியன் வேஸ்டை, இன்றோடு தூக்கி எறிந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், சைலன்ஸரில் இன்னும் ஒரு பிடி சேர்த்துத் திணித்தாள்.