புளியமரத்து முனை

சுப்புராயன் இறந்ததிலிருந்து மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்த ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை, மகன் ஏழுமலை பிளக்கும் கார்புரேட்டரும் மாற்றிக் கிளப்பிவிட்டான். அஞ்சலை சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். புருஷன் ஓட்டியபோது கேட்ட அதே படபட சத்தம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் சுற்று முடித்து, வாசல்வரை சத்தத்தோடுதான் வந்தான். அவள் இடுப்பிலிருந்த பேத்தி கைகொட்டிச் சிரித்தாள்.

அவள் பேத்தியைத் தூளியில் போட்டுத் தூங்கவைத்த பிறகு ஏழுமலை இன்னொரு சுற்று போனான். இந்தத் தடவை புளியமரத்து முனையிலேயே எஞ்சின் அணைந்து, வண்டி சரிவில் சத்தமில்லாமல் உருண்டு வந்து வாசலில் நின்றது.

"இன்னா கோளாறுன்னே தெரியலம்மா! சாவி தானா திரும்பிக்கிது. நான் தொடவே இல்ல."

ஏழுமலை தூளியில் கிடந்த காலத்தில், வெள்ளிமலையில் சாமை வாங்கிக்கொண்டு திரும்பும் சுப்புராயன், பிள்ளை விழித்துக்கொள்ளுமென்று அந்த முனையிலேயே சாவியைத் திருப்பிவிடுவார். அதை அவள் மகனிடம் சொன்னதே இல்லை.

"கோளாறுலாம் ஒண்ணும் இல்லடா. கத்தாத, புள்ள தூங்குது."

ஏழுமலை வண்டியை விட்டு இறங்காமல் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அஞ்சலை, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உள்ளே போக வழிவிட்டு ஓரமாக நகர்ந்தாள்.