வராதவர் வீடு

"பிரதர் மேட்சன், இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் வாங்க. கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு, பாதியில எழுந்து போனாக்கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நோலா பெக் கெஞ்சினாள். ஓரின் மேட்சன் அசரவில்லை. சோள மட்டையைப் பிரித்து, ஆவி பறக்கும் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டையை நோலாவின் கணவர் டெல்மரின் தட்டில் வைத்தார். வான்கோழி ஆலையில் வேலை செய்யும் ஸ்பானிஷ்காரப் பெண்கள் யாரோ அவருக்கு அதை வாராவாரம் கொடுத்துவிடுகிறார்கள்.

"இந்தக் குளிர்ல யாரு சிஸ்டர் வெளிய கிளம்புவா?"

"கோடையில வெயில்னு சொன்னீங்க."

"அப்ப வெயில் அடிச்சுது."

மார்மன் சபையில், வராமல் நின்றுபோனவர்களை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். யாராவது ஒரு தம்பதி போய்ப் பார்த்து வர வேண்டும். மனைவி இறந்தபின் சபைப் பக்கமே தலைகாட்டாத ஓரினைப் பார்த்து வரும் பொறுப்பு டெல்மர், நோலா தம்பதிக்கு வந்து மூன்று வருடமாகிறது. மாதம் தவறாமல் நோலா வாழைப்பழ ரொட்டி சுட்டு எடுத்துப் போவாள். ஓரின் ரொட்டியைச் சாப்பிடுவார், கண்ணை மூடி ஜெபிப்பார், வாசல் வரை வந்து வழியனுப்புவார். சபைக்கு மட்டும் வர மாட்டார்.

உண்மையில் நோலாவின் கவலை ஓரின் இல்லை, டெல்மர். பண்ணை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டில் அவர் பேசுவது மூன்றே வார்த்தைகள்: 'சரி', 'ம்', 'உப்பு'. பிள்ளைகளும் தூரத்தில். ஞாயிறு மதியமாவது கூட உட்கார்ந்து சாப்பிடுவாரா என்றால், சபைக் கட்டடத்து ஹீட்டரைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். கோடையிலும் ஹீட்டரைப் பார்க்கும் மனிதர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

ஆனால் ஓரின் வீட்டு வாசற்படி ஏறினால் ஆளே வேறு.

"அந்த மான் உன்னைப் பார்த்துப் பயந்து ஓடலடா. நீ துப்பாக்கி பிடிச்ச லட்சணத்தைப் பார்த்துச் சிரிச்சுட்டு நடந்து போச்சு" என்றார் டெல்மர்.

"நீ மட்டும் என்னத்தைக் கிழிச்ச? சொந்த வண்டிக் கண்ணாடியைச் சுட்டவன்தானே!"

டெல்மர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நோலா கையிலிருந்த பின்னலை மறந்து அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சந்திப்பு வரை அவளுக்கு இது போதும்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

"பிஷப் முடிவா சொல்லிட்டாரு" என்றாள் நோலா. "இந்த ஞாயிறும் நீங்க வரலைன்னா, இந்த வீட்டுப் பொறுப்பைச் சின்னவயசு ஜோடி யாருக்காவது மாத்திடுவாராம்."

ஓரினின் முள்கரண்டி நின்றது. "வந்துட்டா?"

"வந்துட்டா வேலை முடிஞ்சுது. எங்களை வேற வீட்டுக்கு அனுப்புவாரு..."

சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"ஆக, எப்படிப் பார்த்தாலும் நீங்க இனி இங்க வர மாட்டீங்க" என்றார் ஓரின்.

டெல்மர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"உப்பு" என்றார்.

ஞாயிறு காலை ஓரின் வரவில்லை. கூட்டம் முடிந்து, டெல்மர் ஹீட்டர் அறைக்குப் போனார். நோலா வீட்டுக்கு நடந்து வந்தபிறகுதான், சபைச் சமையலறையில் ரொட்டித் தட்டை விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பப் போனாள்.

மதியத்தில் அதே கட்டடத்தில் ஸ்பானிஷ் சபை கூடும்; அதற்குத் தனி பிஷப், தனி வருகைப் பதிவு. கூடத்தில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

முதல் பெஞ்சில் கறுப்பு கோட்டும் கழுத்துப்பட்டையுமாக, யார் வீட்டுக் குழந்தையையோ மடியில் வைத்துக்கொண்டு, தொண்டை கிழிய ஸ்பானிஷில் பாடிக்கொண்டிருந்தார் ஓரின். வாலிபத்தில் அவர் குவாத்தமாலாவில் ஊழியம் செய்தவர் என்பதை ஊரே மறந்துவிட்டிருந்தது.

அவளைக் கண்டதும் குழந்தையைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"எத்தனை நாளா இது?"

"மூணு வருஷமா. ஒரு வாரம் விட்டதில்ல."

"இதையே காலையில எங்க சபைக்கு வந்து செஞ்சா என்ன?"

"நான் வந்தா நீங்க வர மாட்டீங்களே, சிஸ்டர்." ஓரின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். "அவ போனப்புறம் நம்ம சபையில என் கதவைத் தட்டுறது நீங்க ரெண்டு பேருதான்."

நோலா தட்டை எடுத்துக்கொண்டு நேராக பிஷப்பின் அறைக்குப் போனாள். மார்மன் பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது; வாரநாட்களில் பல் பிடுங்குகிறவர் அவர். பேச்சிலும் அதே சுறுசுறுப்பு.

"ஏதாவது அசைஞ்சுதா, சிஸ்டர் பெக்?"

ஹீட்டர் அறையிலிருந்து வந்த டெல்மர், கையில் ஸ்பேனருடன் அவள் பின்னால் நின்றார். நோலாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"இல்ல பிஷப். கல்லு மனசு. சின்னவங்களை அனுப்பினா அவங்க நம்பிக்கையும் சேர்ந்து போயிடும். நாங்களே போறோம். இன்னும் மூணு வருஷமாவது ஆகும்."

பிஷப் யோசித்தார். "உங்க பொறுமை யாருக்கு வரும்! சரி, நீங்களே பாருங்க" என்றார்.

இருவரும் பனியில் வீட்டுக்கு நடந்தார்கள். தான் சொன்னது பொய் என்று டெல்மரிடம் எப்படிச் சொல்வது என்று நோலாவுக்குத் தெரியவில்லை. தெருமுனையில் அவர் ஸ்பேனரைக் கோட்டுப் பைக்குள் போட்டார்.

"அஞ்சுன்னு சொல்லியிருக்கலாம், நோலா" என்றார். "அவன் பாட்டைக் கேக்கத்தான் வாராவாரம் அங்க போய் உக்காந்திருக்கேன். அந்த ஹீட்டர்ல எந்தக் கோளாறும் கிடையாது."