பச்சைப் போத்தல்

எழுந்தேன். கேத்தலில் தண்ணீர் வைத்தேன். பிளேன்டீ குடித்தேன். மிச்ச வெந்நீரில் சவரம் செய்தேன்.

வெளியே மூட்டம். ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து பறிக்க மலைக்கு யாரும் போகவில்லை.

நேற்றுதான் என் மனைவி சுலக்ஷனாவின் முதலாவது திவசம் முடிந்தது. சாப்பிடும்போது மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். பொல்பிட்டியப் பக்கம் ஒரு பாடசாலைக்கு எனக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. திங்கட்கிழமை போக வேண்டும்.

வீரம்மா அத்தை இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

கல்யாணம் கட்டியதிலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடம் பக்கம் என்பதால். அவள் இறந்த பிறகு என்னை யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. துவைத்து மடித்த சட்டைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

முகத்தைத் துடைத்துக்கொண்டு முன் அறைக்கு வந்தேன். அத்தை நின்றிருந்தார். கையில் பச்சைப் போத்தல்.

"ஹட்டன்ல கெடச்சிச்சு தம்பி. நிஷாந்திதான் தேடி வாங்கியாந்துச்சு."

நிஷாந்தி, சுலக்ஷனாவின் தங்கை.

இந்த சென்டைத் தெரியாத ஆண்கள் இந்தப் பக்கம் இல்லை. கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறவர்கள் தீபாவளிக்கு வந்து இறங்கினால் நானுஓயா ஸ்டேஷனே மணக்கும். அக்கரப்பத்தனை சலூனில் சவரம் முடிந்ததும் உள்ளங்கையில் ஊற்றிக் கன்னத்தில் தட்டிவிடுவார்கள். பிறகு கடைகளில் வராமல் போயிற்று. இப்போது மறுபடி வருகிறதாம்.

என் கல்யாணத்துக்கு வைத்த போத்தல் அவள் இறந்த மாதம் தீர்ந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் பூசவில்லை.

"போடுங்க தம்பி. எம் மவளுக்கு உசிரு இந்த வாசம். ஒங்க தோள்ல மூஞ்சிய வச்சு, இத மோந்துக்கிட்டேதான போனா."

நுவரெலியா ஆஸ்பத்திரி வாசலில், அவளைக் கொண்டுபோன வேனின் கதவைத் திறந்தபோது அவர் கண்டது அதைத்தான். அவர் பின்னால் த்ரீவீலில் வந்தவர்.

மூடியைக் கழற்றினேன். முதலில் லவண்டர். பிறகு சவர சோப். பிறகு பவுடர். அடியில் நனைந்த பாசி போல ஒன்று. பழையதில் அந்தப் பாசி இன்னும் கனமாக இருக்கும். மற்றபடி அதேதான்.

அத்தை கண்களை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

இன்று ஒரு நாள்தானே. நாளை இந்நேரம் பஸ்ஸில் இருப்பேன்.

கழுத்தின் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டேன்.

யாரோ கை தட்டினார்கள்.

அடுப்படிக்குள்ளிருந்து அழகுமுத்து மாமா வந்தார். அத்தையின் தம்பி. வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். பின்னால் பக்கத்து வீட்டு ராசம்மா, கையில் தட்டுடன். சீப்பு, கண்ணாடி, சோப், புதுச் சட்டை, வெற்றிலை பாக்கு. நடுவில் ஒரு போத்தல் வைக்கும் அளவுக்கு இடம் காலி.

பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு வைக்கிற தட்டு. எங்கள் தோட்டத்தில், அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டால் சம்மதம்.

"மாப்ள சென்ட் அடிச்சிட்டாரு. இனி என்னா பேச்சு?" என்றார் மாமா. "ட்ரான்ஸ்பர் வேணாம்னு எழுதிக் குடுங்க. பொல்பிட்டியவுல கரண்டு ஸ்டேஷன்தான் இருக்கு, நம்ம நிஷாந்தி மாதிரி பொண்ணா இருக்கு?"

ராசம்மா சிரித்ததில் தட்டு ஆடியது.

கதவோரம் நின்ற நிஷாந்தி சிரிக்கவில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மாமா..." என்று ஆரம்பித்தேன்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை.

"நீங்களும் போயிட்டா எனக்கு அவ வீட்ல இருந்ததுக்கு என்னா சாட்சி? அவ இருந்தாலும் இததான் சொல்லியிருப்பா."

தட்டு என் கைகளுக்கு வந்தது.

சுலக்ஷனா கடைசியாக என்ன சொன்னாள் என்று இந்த ஒரு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

வேனின் பின் இருக்கையில் நாங்கள் இருவர்தான். மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். அவளுக்கு நெஞ்சு வலி. நான் அவளை இறுக்கி அணைத்திருந்தேன். என் தோளிலிருந்து முகத்தை எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"கொஞ்சம் விடுங்க," என்றாள். "இந்த சென்ட் எனக்கு எப்பவுமே புடிச்சதில்ல."